ஓடுகிறவனின் எல்லை

நாள்தோறும் ஓடிக்கொண்டே இருப்பவனின் சக்திக்கு எல்லை உண்டா, உண்டெனில் அது இதயத்திலா கால்களிலா என்று வாசக அன்பர் ஒருவர் கேட்டெழுதியிருக்கிறார். இவ்விரண்டையும் விட்டுக் குடலைச் சுட்டுகிறது, 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை ஏறக்குறைய 5,000 கிலோமீட்டரை, வாரத்துக்கு ஆறு மாரத்தான் வீதம் இருபது வாரம் ஓடிக் கடந்த பந்தயம் ஒன்று 2015-இல் நடந்தது. அதில் ஓடியவர்கள் சிலருக்குக் கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்ஸிஜனும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார்கள் ஹெர்மன் பான்ட்சர் முதலிய விஞ்ஞானிகள். முன்னது நீராக மட்டுமே தேகத்தை விட்டகலும். பின்னதோ சுவாசத்தில் கரியமில வாயுவாகவும் வெளியேறும். ஆகவே இரண்டும் குறைந்துவரும் வேகங்களின் வித்தியாசமே உள்ளே எரிந்ததைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அசையாது ஓய்ந்திருக்கையில் உயிரைத் தாங்குவதற்கு ஆகும் சக்தியை ஓர் அளவாகக் கொண்டால், மூன்று வாரச் சைக்கிள் பந்தயத்தில் நான்கு மடங்குக்கு மேலும் செலவிட வல்ல மனிதன், பந்தயம் மாதக்கணக்கில் நீளுமாயின் இரண்டரை மடங்கை அண்டியே நிற்க நேர்கிறது. எங்கள் கிராமத்து ஏரி கரை ததும்ப நிறைந்திருந்த வருஷத்திலும் மடை விட்ட அளவு நீர்தானே வயலுக்குப் பாய்ந்தது! அதுபோல, எவ்வளவு உண்டாலும் குடல் கிரகித்துத் தருவது ஏறத்தாழ அந்த இரண்டரை மடங்குதான்; அதற்கு மேற்பட்ட செலவுக்குத் தேகம் தன் கொழுப்பையும் தசையையுமே கரைத்துக் கொடுக்கவேண்டும். ஆராய்ச்சிக்காக அளவுமீறி உண்ண வைக்கப்பட்டவர்களின் கணக்கும் இதே வரம்பையே காட்டிற்று என்பது, ஓட்டக்காரனையும் போஜனப் பிரியனையும் ஒரே வாசலில் நிறுத்துகிற விந்தையன்றோ!

எனினும் என்னை அதிகமாக வியக்கவைத்தது வேறொன்று. கர்ப்பிணியின் சக்திச் செலவு, அதே அளவுகோலில், ஏறக்குறைய 2.2 மடங்கை எட்டுகிறதாம். கண்டம் கடந்து ஓடியவர்கள் முட்டிய எல்லைக்கு வெகு அருகில், கைதட்டுவார் யாருமின்றி, சமைத்துக்கொண்டும் தண்ணீர் சுமந்துகொண்டும் ஒரு பெண் நிற்கிறாள். பந்தயக்காரனுக்கு வழிநெடுக ஆகாரம் ஏந்தி ஆள் நிற்பதை நியாயமென்று ஒப்புக்கொள்ளும் நாம், அவளைக் கடைசிப் பந்திக்குத் தள்ளி, மிஞ்சிய சோற்றையும் வடித்தெடுத்த ரசத்தையும் வைக்கும் வீடுகளைக் கண்டும் பேசாமலிருக்கிறோம். ஒரே வேளையில் திணிப்பதாலும் பயனில்லை. மடை சிறிதாகையால், சத்துள்ள ஆகாரம் பலமுறை சிறிது சிறிதாகச் சேரவேண்டும், இடையிடையே ஓய்வும் வாய்க்கவேண்டும். இனியேனும் அவ்வீடுகளில் அவளுக்கு முதற்பந்தியிலேயே இலை போடட்டும்.