'பறி' என்றால் பொன்!

தமிழ் இலக்கணத்தில் 'குழூஉக்குறி' என்று ஒரு பகுதி உண்டு. ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் பெயரை மறைத்து, தங்களுக்குள் வேறு பெயரிட்டு வழங்குவது அது. அதற்குப் பாடப் புத்தகங்கள் காலங்காலமாகக் காட்டும் உதாரணம், பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பதாகும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து மறந்துவிடலாம். கோலார் தங்கவயல் பிள்ளை அப்படி மறக்கலாமா? பாட்டனும் முப்பாட்டனும் பூமிக்குள் இறங்கித் தோண்டியது அந்தப் 'பறி'யைத்தானே!

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. இந்த இலக்கணத்தைச் சொல்லும் நன்னூலைப் பவணந்தி முனிவரிடம் கேட்டு எழுதச் செய்தவன் சீயகங்கன். கங்கர் குலத்துச் சிற்றரசன். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தவன். குவளாலபுரத்துக்குத் தலைவன் என்பது அவன் பட்டங்களுள் ஒன்று. குவளாலபுரம் வேறெதுவுமல்ல, இன்றைய கோலார்தான்!

அகராதி வேண்டாம்

சொல்லுக்குப் பொருள் அகராதியில் மட்டும் இருப்பதில்லை. அது வந்து விழும் இடத்திலும் இருக்கிறது. 'லைன்' என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். 'லைனில் கரண்டு இல்லை' என்றால் மின்கம்பி. 'லைனைத் தாண்டாதே' என்றால் ரயில் பாதை. 'நாங்கள் பக்கத்து லைன்' என்றால் சுரங்கக் கம்பெனி தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகள். மூன்றையும் தங்கவயல் குழந்தை யாரிடமும் கேளாமலே பிரித்தறிகிறது.

கன்னடமும் இப்படித்தான் வருகிறது. ஒரு வீட்டு வாசலில் 'மனெ பாடிகெகெ இதெ' என்று பலகை தொங்குகிறது. தமிழில் மனை என்றால் வெற்றிடம். ஆனால் பலகைக்குப் பின்னால் நிற்பது சுவரும் கூரையும் உள்ள வீடு, பூட்டியும் கிடக்கிறது. எனவே 'மனெ' என்றால் வீடு. 'பாடிகெ'? நம் வாடகைதான் அது, வகரம் பகரமாகியிருக்கிறது. நம் 'வா' அங்கே 'பா', வெள்ளி 'பெள்ளி'. நம் பகரமோ அங்கே ஹகரம்: பால் 'ஹாலு', புலி 'ஹுலி', பணம் 'ஹண', பொன் 'ஹொன்னு'. இந்த இரண்டு சாவிகளும் கையிலிருந்தால் கன்னடப் பாடம் பாதி திறந்து கொள்ளும். ஆனால் சாவியை மட்டும் நம்பவும் கூடாது. பள்ளி 'ஹள்ளி' ஆகிறது. அங்கே அதற்குக் கிராமம் என்று பொருள். பள்ளிக்கூடம் என்று எண்ணிப் போகிறவர் வயல் வரப்பில்தான் நிற்பார்!

பேச்சிலே இலக்கணம்

ஆகுபெயர் என்றதும் மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'லைனே திரண்டு வந்தது' என்று வீட்டில் சொல்கிறோமே, வந்தது வீடுகளா? மனிதர்கள் அல்லவா! இடத்தின் பெயர் மனிதருக்கு ஆகி வந்தது, இடவாகுபெயர். 'முதல் ஷிப்டு மேலே ஏறிவிட்டது' என்றால் வேலை நேரத்தின் பெயர் வேலையாட்களுக்கு ஆகிறது. ஊரைச் சுற்றியுள்ள சயனைடு மண்மேடுகளைப் பாருங்கள். 'மலை போன்ற மண்' என்றால் உவமை. 'மண்மலை' என்றால் உருவகம். ஜன்னலைத் திறந்தால் பாடம் தெரிகிறது. கோனார் உரையைத் தேட வேண்டியதில்லை.

ஒன்றுதான் கவலை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின் வளர்ந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. 'கேஜ்' ஏறி இறங்குவதில்லை. சொல் இருக்கிறது, அது விழும் இடம் போய்விட்டது. தமிழ் படிக்கும் பிள்ளைகளிலும் பலர் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

'ஏர்பிளாஸ்ட்' என்ற சொல்லைப் பேத்தி கேட்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். ஆங்கில அகராதியைப் பார்த்தால் காற்று வெடிப்பு என்று எண்ணிவிடுவாள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில், தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை மேலிருக்கும் பாரம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். அதற்குத்தான் இங்கே அந்தப் பெயர். இது சுரங்கத்தாரின் குழூஉக்குறிதானா என்று தமிழாசிரியர்கள் வாதிடலாம். மறைப்பதற்காக வைத்த பெயர் அல்லவே!

தாத்தா அதை வேறு விதமாகச் சொல்வார். "அலமாரியிலே பாத்திரம் எல்லாம் கடகடன்னு ஆடும், கண்ணு. உங்க பாட்டி உடனே கடிகாரத்தைப் பார்ப்பா, உள்ளே எந்த ஷிப்டுன்னு."