பல நாடுகளில் தேனீ வளர்ப்பு: பெட்டியோடு பயணம் செய்யும் நோய்

தேனீ வளர்ப்பு என்றதும் பலருக்கும் தேன் புட்டிதான் நினைவுக்கு வரும். ஒரு பெட்டியிலிருந்து ஆண்டுக்கு எத்தனை கிலோ தேன் எடுக்கலாம் என்பதே முதல் கேள்வியாக இருக்கும். இத்தொழிலில் முன்னேறிய நாடுகளில் இன்று முதல் கேள்வி அதுவன்று. அடுத்த பருவம் வரை எத்தனை குடும்பங்கள் உயிரோடு இருக்கும் என்பதே அங்குள்ளவர்களின் கவலையாகும். இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதை நம் விவசாயிகளும் அறிந்திருப்பது நல்லது.

வாடகைக்குப் போகும் பெட்டிகள்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பாதாம் மரங்கள் பிப்ரவரி மாதத்தில் பூக்கின்றன. பெரும்பாலான பாதாம் ரகங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய் பிடிப்பதில்லை. பக்கத்து வரிசையிலுள்ள வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதற்காக ஏக்கருக்கு 2 பெட்டிகள் வீதம், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஆண்டுதோறும் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் லாரிகளில் அங்கு கொண்டு செல்லப்படுகின்றன. பெட்டி ஒன்றுக்குச் சுமார் 200 டாலர் வாடகை கிடைக்கிறது. பலருக்குத் தேன் விற்று வரும் பணத்தைவிட இந்த வாடகையே பெரிய வருமானம்.

ஆனால், பல ஊர்ப் பெட்டிகள் ஓரிடத்தில் கூடும்போது நோயும் கைமாறுகிறது. 2006-07 குளிர்காலத்தில், ராணியும் புழுக்களும் மிஞ்சியிருக்க, பணித் தேனீக்கள் மட்டும் காணாமற்போன பெட்டிகள் அந்நாட்டில் ஏராளமாகக் காணப்பட்டன. இதற்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியவில்லை. 2024-25 குளிர்காலத்திலோ பெரிய அளவில் தொழில் செய்வோர் தம் குடும்பங்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தை இழந்தனர். மடிந்த குடும்பங்களை ஆராய்ந்தபோது நச்சுயிரிகள் மிகுதியாக இருந்தது தெரிந்தது. அவற்றைப் பரப்பும் வரோவா உண்ணிகள், வழக்கமாகப் பயன்படுத்தும் அமிட்ராஸ் மருந்துக்குக் கட்டுப்படாத திறன் பெற்றிருந்ததும் தெரியவந்தது.

உண்ணி வந்த வழி

இந்த உண்ணி ஆசியாவைச் சேர்ந்தது. நம் அடுக்குத் தேனீ இனத்தோடு தொன்றுதொட்டு வாழ்ந்து வருவது. அடுக்குத் தேனீயின் கூட்டில் இது பெரும்பாலும் ஆண் தேனீப் புழு அறைகளில் மட்டுமே பெருகும். தேனீக்கள் தம் உடலிலிருந்து உண்ணியைத் தட்டிவிட்டுக் கடித்தும் போடும். ஆகவே குடும்பம் அழிவதில்லை.

ஐரோப்பியத் தேனீ கிழக்காசிய நாடுகளுக்குக் கொண்டுவரப்பட்டபோது உண்ணி அதற்குத் தாவியது. அதற்கு இந்தத் தற்காப்பு போதிய அளவில் இல்லை. பணித் தேனீப் புழு அறைகளிலும் உண்ணி பெருகியது. பிறகு பெட்டிகளோடும் ராணிகளோடும் உலகைச் சுற்றியது. 1987-இல் அமெரிக்காவிலும், 2000-இல் நியூசிலாந்திலும் கண்டறியப்பட்டது.

ஆஸ்திரேலியா நெடுங்காலம் இதைத் தடுத்து வந்தது. துறைமுகங்களின் அருகே காவல் பெட்டிகள் வைத்துச் சோதித்து வந்தனர். 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தையடுத்த காவல் பெட்டிகளிலேயே உண்ணி தென்பட்டது. சுற்றுவட்டாரப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. ஆயினும் 2023 செப்டம்பரில், முற்றாக ஒழிக்கும் முயற்சி கைவிடப்பட்டது. இனி உண்ணியோடு வாழப் பழகுவதே வழி என்றாயிற்று.

ஒரே சரக்கை நம்பினால்

நோய் ஒருபுறமிருக்க, விலையும் தேனீ வளர்ப்போரைத் தள்ளாட வைக்கிறது. நியூசிலாந்தின் மனூகா புதர்ப் பூவிலிருந்து கிடைக்கும் தேனுக்குக் கிருமிகளை ஒடுக்கும் திறன் மிகுதி என்று ஆய்வுகள் காட்டியபின் அதன் விலை ஏறியது. 2010-களின் தொடக்கத்தில் சுமார் 4 லட்சமாக இருந்த பெட்டிகள் 2019-இல் 9 லட்சத்தைத் தாண்டின. பூக்கும் பரப்பு அதற்கேற்பப் பெருகவில்லை. சாதாரணத் தேனின் விலையும் விழுந்தது. தேன் விற்காமல் தேங்கியதால் பலர் தொழிலை விட்டனர். 2024-க்குள் பெட்டிகளின் எண்ணிக்கை 6 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஐரோப்பாவில் துன்பம் வேறு வடிவில் வந்தது. உலகத் தேன் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சீனாவினுடையது. மலிவான இறக்குமதித் தேனோடு உள்ளூர்த் தேன் போட்டியிட முடிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியான 320 மாதிரிகளில் 147 மாதிரிகள், அதாவது 46 சதவீதம், சர்க்கரைப் பாகு கலந்தவையாக இருக்கலாம் என்று ஐயுறப்பட்டன. அரிசியிலிருந்தும் சோளத்திலிருந்தும் எடுக்கும் பாகின் விலைக்கு உண்மைத் தேனை விற்க எந்த விவசாயியாலும் முடியாது. இதையடுத்து, எந்தெந்த நாட்டுத் தேன் எத்தனை சதவீதம் கலந்துள்ளது என்பதைப் புட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்று 2024-இல் ஒன்றியம் விதி செய்தது.

தன் தேனீயைக் காத்த நாடு

இவற்றிடையே சிறிய நாடான ஸ்லோவேனியா கவனத்துக்குரியது. அங்கு ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர் தேனீ வளர்ப்பவர். கார்னியோலன் என்னும் தம் நாட்டு இனத்தைத் தவிர வேறு தேனீ இனத்தை அங்கு வளர்க்க அனுமதியில்லை. உண்ணி அங்கும் உண்டு, இழப்பும் உண்டு. ஆனால் நாட்டின் குளிருக்கும் பூப்பருவத்துக்கும் பழகிய இனம் கலப்பின்றி நிற்கிறது. அந்நாடு முன்மொழிந்ததன் பேரில் ஐ.நா. சபை 2017-இல் மே 20-ஆம் நாளை உலகத் தேனீ நாளாக அறிவித்தது.

நம் மாநிலம் கண்ட இழப்பு

வெளிநாட்டுக் கதை என்று இதை ஒதுக்க முடியாது. திருச்சியில் நியூட்டன் பாதிரியார் 1910-களில் இந்தியத் தேனீயின் அளவுக்கேற்ப அமைத்த பெட்டி, தென்னாட்டில் இத்தொழிலுக்கு அடித்தளமாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைக் கொண்டு மார்த்தாண்டம் வட்டாரம் தேனுக்குப் பெயர் பெற்றது.

1991-92-இல் ‘தாய் சாக்புரூட்’ என்னும் நச்சுயிரி நோய் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவியது. புழுக்கள் கூட்டுப்புழுவாகுமுன் நீர் நிறைந்த பைபோல் ஆகி மடிந்தன. வளர்ப்புக் குடும்பங்களில் பத்துக்கு ஒன்பது அழிந்தன. தேனை நம்பிய குடும்பங்கள் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலை தேடின. நோய்க்கு மருந்து இல்லை. தப்பிப் பிழைத்த குடும்பங்களையும், மரப்பொந்துகளிலிருந்து பிடித்த குடும்பங்களையும் பிரித்துப் பெருக்கியே தொழில் மீண்டது.

இத்தாலியத் தேனீயை அந்நோய் இவ்வாறு வீழ்த்துவதில்லை. தேனும் பல மடங்கு தரும். அதனால் பலரும் அதை நாடுகின்றனர். ஆனால் அதற்கு வரோவா உண்ணி பகை. பூ இல்லாத காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்தும், பூக்கும் இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிச் சென்றும் பேண வேண்டும். செலவைக் கணக்கிட்டே இறங்க வேண்டும்.

விவசாயிகள் கடைப்பிடிக்க வேண்டியவை

விலைக்கு வாங்கும் பெட்டியின் புழு அடைகளைத் திறந்து பார்த்தபின் பணம் கொடுக்க வேண்டும். புதிய பெட்டியைச் சில வாரங்களுக்குப் பழைய பெட்டிகளிலிருந்து தள்ளி வைத்துக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கிய தேனைத் தேனீக்கு உணவாகக் கொடுக்கலாகாது. அதன் வழியே நோய் வரலாம். மடிந்த குடும்பத்தின் அடைகளை வேறு குடும்பத்துக்கு மாற்றக் கூடாது.

அடுக்குத் தேனீயில் சாக்புரூட் தென்பட்டால் ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தலாம். புதுப் புழு இல்லாதபோது நோய்த் தொடர் அறுபடும். நோய்க்கு ஈடுகொடுத்து நின்ற குடும்பத்திலிருந்தே புதுக் குடும்பம் பிரிக்க வேண்டும். அதிகத் தேன் தந்தது என்பதற்காக மட்டும் பிரிக்கலாகாது. பூக்கும் பயிருக்கு மருந்து தெளிப்பது தவிர்க்க முடியாததானால், தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில், பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தெளிக்க வேண்டும்.

பெட்டிகளின் எண்ணிக்கையை ஓராண்டில் இரட்டிப்பாக்கலாம். நோய் அதை ஒரே பருவத்தில் பறித்துவிடும். பத்துப் பெட்டி வைத்திருப்பவர் அந்தப் பத்தையும் அடுத்த தளிர்ப் பருவம் வரை நலமாக வைத்திருப்பாரானால், தேன் தானே வரும்.