மூளைக்குள் ஓர் இடைப்புள்ளிக் கோலம்

ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் பெரியவர்கள், ஒரு மாதம் ஆன பிறகும் பால் பூத்திலிருந்து திரும்பும்போது எந்த பிளாக், எந்தப் படிக்கட்டு என்று தடுமாறுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். "இன்னுமா வழி தெரியவில்லை?" என்று வீட்டில் யாராவது அலுத்துக்கொள்வதும் உண்டு. வழி தெரிவது மூளைக்கு எத்தனை பெரிய வேலை என்று அறிந்தால் அப்படிக் கேட்க மனம் வராது.

மூளையின் ஆழத்தில், இரு பக்கமும், ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. கிரேக்க மொழியில் கடல்குதிரை என்று பொருள், வடிவம் அப்படி. 1971-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓகீஃப், ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கி இருவரும் எலிகளின் இந்தப் பகுதியில் மிக மெல்லிய கம்பியைப் பொருத்தி, அவற்றை நடமாட விட்டார்கள். ஒரு நரம்பணு, எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் படபடவென்று துடித்தது. பக்கத்து அணுவுக்கு வேறோர் இடம். இப்படிப் பல 'இட அணுக்கள்' சேர்ந்து வரைவதுதான் அந்த இடத்தின் வரைபடம்.

அதே எலியை வேறு அறையில் விட்டால் பழைய வரைபடம் செல்லாது. முன்பு துடித்த அணு சும்மா இருக்கும், அல்லது சம்பந்தமில்லாத மூலையில் துடிக்கும். புது ஊருக்குப் புதுப் படம்தான் வரைய வேண்டும். அதற்கு அடையாளங்கள் தேவை. சுவரில் உள்ள அட்டையை இடம் மாற்றினால், அணுக்களின் இடங்களும் கூடவே சுழல்வதை ஆய்வுகள் காட்டின. ஒரே மாதிரியான அறைகளை வரிசையாக வைத்தாலோ, ஒரே அணு ஒவ்வோர் அறையிலும் அதே மூலையில் துடிக்கிறது! அச்சில் வார்த்தது போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நம் பெரியவர்கள் தடுமாறுவதில் என்ன ஆச்சரியம்?

2005-ல் நார்வேயின் ட்ரோண்ட்ஹைம் நகரில் எட்வர்ட் மோசர், மே-பிரிட் மோசர் குழுவினர் பக்கத்துப் பகுதியில் இன்னொரு விந்தையைக் கண்டார்கள். அங்குள்ள ஓர் அணு ஒரே இடத்தில் அல்ல, தரை முழுவதும் பல இடங்களில் துடிக்கிறது. அந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால் சமபக்க முக்கோணங்கள்; நம் வீட்டுப் பெண்கள் வைக்கும் இடைப்புள்ளிக் கோலமேதான். விளக்கை அணைத்தாலும் கோலம் கலைவதில்லை. எத்தனை தூரம் நடந்தோம் என்று அளக்க இது உதவுவதாகக் கருதுகிறார்கள். தலை எந்தத் திசை பார்க்கிறது என்று சொல்ல வேறு அணுக்கள் உள்ளன. ஓகீஃபுக்கும் மோசர் இருவருக்கும் 2014-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எலிக்கு மட்டுமல்ல. லண்டன் டாக்ஸி ஓட்டுநர் உரிமம் பெற சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். படித்துத் தேறியவர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்ததை எலினார் மக்வயர் குழு 2011-ல் காட்டியது. தேறாதவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை.

ஆகவே பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதோடு நிறுத்தாமல், சில நாள் அவர்களையே முன்னால் நடக்கவிட்டு நாம் பின்னால் போகலாம். வேப்பமரம், இஸ்திரிக்காரர் வண்டி என்று அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்கலாம். வாசல் கதவில் ஒரு மாவிலைத் தோரணமும் உதவும்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. பல வருடம் பழகிய சொந்தத் தெருவிலேயே ஒருவர் வழி தவறினால் அது வேறு விஷயம். அல்சைமர் நோய் முதலில் தாக்கும் பகுதிகளில் அந்தக் கோலம் போடும் பகுதியும் ஒன்று. வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.