மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40

வன்னியில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எவரும் தம்மைப் பழைய கார்க் கழகத்தின் உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டதில்லை. அவர்களுக்கு வாடகைக்கார்ச் சங்கம் இருந்தது. சந்தியில் மரநிழலோடு ஒரு தரிப்பிடம் இருந்தது. அங்கே நின்ற தலைமுறை இப்போது ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. மரண அறிவித்தலில் 'இளைப்பாறிய வாடகைக்கார்ச் சாரதி' என்ற ஒரு வரியோடு அவர்களுடைய கதை முடிந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர்கள் ஓட்டியவை பெரும்பாலும் ஒஸ்ரினும் மொறிசும்தான். ஒஸ்ரின் ஏ40 சோமசெற் இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. மொறிஸ் மைனர் 1948இல் வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. அறுபதுகளில் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றி இறக்குமதி இறுகியபோது, கையில் இருந்த காரைப் பேணுவதைத் தவிர வேறு வழி இல்லாமற்போனது. 1977க்குப் பிறகு யப்பான் கார்கள் வந்தன. வசதியுள்ளவர்கள் மாறிக்கொண்டார்கள். பழையவை வாடகைக்கு இறங்கின.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. வடக்குக்குப் பெற்றோல் தடை, பற்றரி தடை, உதிரிப்பாகமும் கிடைப்பதில்லை. புதுக் கார்கள் பல கொட்டிலுக்குள் முடங்க, பாட்டன் காலத்துக் கார்கள் வீதிக்கு வந்தன. காரணம் அவற்றின் எஞ்சின்தான். அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின் மட்டமான எரிபொருளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அதோடு, முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுற்றலாம். பற்றரி தளர்ந்திருந்தாலும் கவலையில்லை.

ஆனால் பெற்றோலுக்குப் பதிலாக ஊற்றிய மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதற்காகச் சாரதி ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொன்போல வைத்திருப்பார். பொனற்றைத் திறந்து காபரேற்றருக்குள் சில துளி விடுவார். பிறகு முன்னால் குனிந்து ஹாண்டிலைப் பிடிப்பார். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் விரல் முறிந்துவிடும். கீழிருந்து மேலாக ஒரே இழுவை. எஞ்சின் பிடித்ததும் ஓடிப்போய் அக்சிலேற்றரை மிதித்து, சூடேறும்வரை அணையாமல் காக்க வேண்டும். அதன் பிறகுதான் மண்ணெண்ணெய். வெண்புகை கிளம்பி வீதியை மூடும். காருக்குள் இருந்தவர்களின் உடுப்பெல்லாம் அந்த மணம்தான்.

இதற்கு எஞ்சின் கொடுத்த விலை பெரிது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வழிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். ஒயிலும் எளிதில் கிடைக்காத காலம் அது. எந்தச் சத்தம் பொறுக்கக்கூடியது, எந்தச் சத்தத்துக்கு உடனே நிறுத்த வேண்டும் என்பது அவர்களின் காதுக்குத் தெரியும். இராவில் வெளிச்சம் போட அஞ்சி, குண்டும் குழியுமான வீதியில், பாம்பு கடித்தவரையும் பிள்ளைப்பேற்று நோவெடுத்தவரையும் ஏற்றிப்போக அந்தக் காதை நம்பித்தான் ஆகவேண்டும். கழகங்களில் கிண்ணம் வென்ற எந்தக் காருக்கும் இதைவிடப் பெரிய பெருமை இருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

வவுனியாவுக்கு வடக்கே ஏ9 வீதியில் இருக்கும் ஓமந்தை இந்தக் கதையை நன்றாக அறியும். 1997 மே மாதம் இராணுவத்தின் ஜயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியபோது இந்த ஊர் பெயர்ந்தது. 2002இல் பாதை திறந்தபோது சோதனைச் சாவடி இங்கே வந்தது. 2009இல் வன்னிச் சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த வழியாகத்தான் வந்தது. விட்டுவந்தவற்றுள் வாகனங்களும் அடக்கம். முள்ளிவாய்க்கால் பக்கம் எரிந்தும் துருவேறியும் அவை போர் முடிந்த பிறகும் குவியலாகக் கிடந்தன.

தப்பியவற்றை இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் சேகரிப்பாளரின் கண்ணுக்கு ஒட்டுப் போட்ட தகடும் வேறு வாகனத்தின் காபரேற்றரும் குறையாகவே தெரிகின்றன. எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, இங்கிலாந்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சோமசெற் எப்படி இருந்தது என்று காட்ட உலகில் வேறு கார்கள் இருக்கின்றன. தடைக்காலத்தில் வன்னியில் அது எப்படி ஓடியது என்பதைக் காட்ட இவைதான் இருக்கின்றன.

வாங்குகிறவர்கள் விலை பேசும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: யார் ஓட்டினார், யார் திருத்தினார், எந்த ஊர்களுக்குப் போனது. பெயர்களை எழுதி வாகனப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். சாரதி இல்லாவிட்டாலும் அவருடைய மனைவிக்கோ கராச்சில் கூட நின்ற பையனுக்கோ தெரிந்திருக்கும். அந்தப் பையனுக்கும் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது.