மடியில் ஒரு புத்தகம் – 9: மாவு ஒட்டிய பக்கங்கள்

சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். “காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ராத்திரி பத்து மணிக்குத்தான் அணைக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. பிள்ளையை உட்கார வைத்துப் படம் காட்டி வாசிக்க எனக்கு ஏது நேரம்?” நியாயமான கேள்வி. இந்த வாரம் முழுக்க அவருக்கான பதில்தான்.

படப்புத்தகம் என்றாலே தனி நேரம் ஒதுக்கியாக வேண்டும் என்ற நினைப்பு எப்படியோ நமக்குள் வந்துவிட்டது. படுக்கை விளக்கு, மெத்தை, குளித்துத் தலை சீவிய குழந்தை என்று விளம்பரங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். அப்படி வாய்த்தவர்கள் வாசிக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஒன்பதரை மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் போய் “படுக்கும் முன் இருபது நிமிடம் வாசியுங்கள்” என்று சொல்வது, அவள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றி வைப்பதாகும். என் யோசனை வேறு. புத்தகம் வீட்டு வேலைக்கு நடுவிலேயே கிடக்கட்டும். கை வேலையில் இருக்கும்போதே வாய் வாசிக்கட்டும். வாசித்ததை வேலையிலும், வேலையைப் புத்தகத்திலும் பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இதற்கு வழிகாட்டியது ஒரு சப்பாத்திப் புத்தகம். சென்னையில் 1996-இல் தொடங்கிய துளிகா பதிப்பகம் வெளியிட்டது. நந்தினி நாயர் எழுத, புரோய்த்தி ராய் படம் வரைந்தது. அம்மா சப்பாத்தி போடுகிறாள், பையன் நீரஜுக்கு ஓர் உருண்டை மாவு கிடைக்கிறது, அவன் அதைப் பிராணி பிராணியாக உருட்டி விளையாடுகிறான். அவ்வளவுதான் கதை. எந்த அடுக்களையிலும் நடப்பதுதான். ஆனால் அடுக்களையில் தினமும் நடப்பது ஒரு புத்தகத்துக்குள் படமாக இருக்கிறது என்பதே நாலு வயசுப் பிள்ளைக்குப் பெரிய செய்தி.

நான் மாவு பிசைய உட்கார்ந்தால் என் சின்ன மகள் ஓடிப்போய் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். பலகைக்கு எதிரே தரையில் விரித்துப் போடுவாள். “நீ உருட்டு, நா படிக்கேன்” என்பாள். எழுத்துத் தெரியாது, படத்தைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் படிப்பு. பக்கம் புரட்டுவது அவள், இடையில் விட்டுப்போன வரியை எடுத்துக் கொடுப்பது நான். என் கை முழுக்க மாவு. எனக்கு வரிகள் மனப்பாடம் ஆகிவிட்டதால் குனிந்து பார்க்கக்கூடத் தேவையில்லை. பாதியில் தனக்கும் ஓர் உருண்டை கேட்பாள். பிறகு அவள் விரலிலும் மாவு. அந்தக் கையாலேயே அடுத்த பக்கம். புத்தகத்தின் வலது கீழ் மூலையெல்லாம் காய்ந்த மாவு, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய எனக்கு மனம் வந்ததில்லை.

புத்தகமும் வீட்டு வேலையும் கலந்தே போகலாம் என்பதை ஜப்பான்காரர்கள் வெகுநாள் முன்பே புரிந்துகொண்டார்கள். அங்கே ஃபுகுயின்கன் என்ற பதிப்பகம் 1956-இல் ‘கொடோமோ நோ தோமோ’ என்று மாதம் ஒரு முழுப் படக்கதையாக வரும் இதழைத் தொடங்கியது. அதை நடத்திய ஆசிரியர் தடாஷி மாட்சுயி. படப்புத்தகம் பிள்ளை தானாகப் படிப்பதற்கானது அல்ல, பெரியவர்கள் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதற்கானது என்று வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியவர். அந்த இதழில் 1963-இல் வந்த கதைதான் குரி, குரா என்ற இரண்டு காட்டெலிகளின் கதை. எழுதிய ரியேகோ நகாகவா அப்போது குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆசிரியை. படம் வரைந்தவர் அவருடைய தங்கை யுரிகோ. எலிகளுக்குக் காட்டில் மாபெரும் முட்டை ஒன்று கிடைக்கிறது. வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாததால் வாணலி, சாமான் எல்லாவற்றையும் காட்டுக்கே கொண்டுவந்து கேக் சுடுகின்றன. வாசனை பிடித்து வந்த மிருகங்களெல்லாம் பங்கு போட்டுத் தின்கின்றன. அறுபது வருடமாக அங்கே தாய்மார்கள் இந்தக் கதையை வாசித்துவிட்டு அதே கேக்கை வீட்டில் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தில் தொடங்கியது அடுப்பில் முடிகிறது, அடுத்த நாள் பிள்ளை மறுபடி புத்தகத்தைத் தேடுகிறது. இந்தப் போக்குவரத்து நடக்கிற வீட்டில் வாசிப்புக்கு நேரம் எங்கே என்ற கேள்வி எழாது.

நம்மிடமும் அதற்கான புத்தகங்கள் இருக்கின்றன. வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’யை எடுக்கலாம். பெரிய யானைக்கு ஜலதோஷம் வருகிறது, ஊரே கூடி ஆளுக்கொரு வைத்தியம் செய்கிறது. சுக்குக் கஷாயத்தைப் பார்த்து வாயை இறுக மூடிக்கொள்கிற பிள்ளை, யானையின் தும்மலுக்காக வாயைத் திறக்கும். துணி மடிக்கும் நேரத்துக்கு சந்தியா ராவ் எழுதி நினா சப்னானி படம் செய்த அம்மா சேலைப் புத்தகம் இருக்கிறது. அசல் சேலைகளின் புகைப்படத்தின் மேல் குழந்தைகளை வரைந்திருப்பார்கள். ஒரு பக்கத்தைத் திருப்பினால் நம் மடியில் கிடக்கும் சேலையின் கரையைப் பிள்ளை தொட்டுப் பார்க்கும்.

இனி, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லக் கூச்சப்படாத ஆச்சிகள், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் “எனக்கு எழுத்துத் தெரியாதுளா” என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே செய்தது போல ஒரு புத்தகம் இருக்கிறது. பிரியா குரியன் வரைந்த, அம்மச்சியின் கண்ணாடி காணாமல் போன கதை. அதில் ஒரு வார்த்தை கிடையாது, முழுக்கப் படம். கேரளத்து வீடு, கண்ணாடி இல்லாத கிழவி, அதனால் நடக்கிற அமளி. எங்கள் மாமியார் முதலில் ஒதுங்கித்தான் இருந்தார். சின்னவள் விடவில்லை.

“ஆச்சி, இது யாரு?”

“ஆரு கண்டா? கண்ணாடியத் தொலச்சிட்டு முழிக்கா பாரு.”

“எங்க தொலச்சா?”

“நேத்து நா தொலச்சேன்லா, அது மாதிரிதான். தலகாணிக்கு அடியில பாக்கச் சொல்லு.”

அதோடு ஆச்சி பிடித்துக்கொண்டார். படத்தில் இருந்த பாத்திரத்தைக் காட்டித் தன் பிறந்த வீட்டுப் பித்தளை உருளியைப் பற்றிச் சொன்னார். அதை யார் சீதனமாகக் கொண்டுவந்தது, எந்தக் கஷ்டத்தில் விற்றார்கள் என்பதெல்லாம் நானே அன்றுதான் கேட்டேன். அச்சில் ஒரு வரி இல்லாத புத்தகம் எங்கள் குடும்பக் கதை ஒன்றை வெளியே கொண்டுவந்தது. இப்போது அந்தப் புத்தகத்தை நான் வாசித்தால் சின்னவள் ஒப்புக்கொள்வதில்லை. அது ஆச்சி புத்தகம்.

எழுத்துத் தெரிந்த நம்மிடம்தான் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. படத்தைக் காட்டியதும் பரீட்சை வைக்கத் தொடங்கிவிடுகிறோம். இது என்ன கலர், எத்தனை வாத்து, இங்கிலீஷில் என்ன சொல்லணும்? பிள்ளை யானையோடு காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்து வகுப்பறைக்கு இழுத்து வருகிறோம். ஒரு பக்கத்தில் பிள்ளை எவ்வளவு நேரம் நிற்க விரும்புகிறதோ அவ்வளவு நேரம் நின்றால் போதும். வாத்தை எண்ண வேண்டும் என்று தோன்றினால் அதுவே எண்ணும்.

அச்சில் இருப்பதை அப்படியே வாசிப்பதா, நம் பேச்சில் சொல்வதா என்றும் பலர் கேட்கிறார்கள். ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தது’ என்று வாசித்தால் இரண்டு வயசுப் பிள்ளை செய்தி கேட்பதுபோலப் பார்க்கும். ‘சாப்ட்டுக்கிட்டு இருந்துச்சு’ என்றால் பக்கத்தில் வந்து உட்காரும். தயங்காமல் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். கதை பழகிய பிறகு அச்சில் உள்ளபடி வாசியுங்கள். மூன்று, நாலு வயதில் பிள்ளைகளே ஒரு சொல் மாறினாலும் பிடித்துத் திருத்துவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே எழுத்துத் தமிழ் காதில் ஏறிவிடும். இதற்காகத் தனிப் பாடம் தேவையில்லை.

ஷிஃப்டுக்குப் போகும் அப்பாக்களுக்கும் வழி உண்டு. எங்கள் தெருவில் ஒரு லாரி ஓட்டுநர் கிளம்பும் முன் மகனுடைய புத்தகத்தின் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்வார். சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் கூப்பிட்டு வாசிப்பார். வீட்டில் மகன் புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கம் புரட்டுவான். கையில் புத்தகமே இல்லாதவர்களுக்குப் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து நடுவில் பின் அடித்தால் புத்தகம் தயார்.

புத்தகம் வீட்டுக்கு நடுவில் கிடந்தால் கிழியும். கிழியட்டும். பிள்ளை கிழித்துவிடும் என்று பிறந்தநாள் பரிசாக வந்த புத்தகத்தை ஷோகேஸில் பொம்மைகளுக்குப் பின்னால் பூட்டி வைக்கிற வீடுகள் நிறைய. அங்கே கிடந்து செல்லரிப்பதைவிடக் கையில் கிழிவது மேல். ஒட்டுவது சிரமமில்லை. ஒரு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் பளபளப்பாக வரும். ஆறியதும் விரலால் மெல்லத் தடவி, மெலிந்த வெள்ளைத்தாள் கீற்று ஒன்றைக் கிழிசல்மேல் ஒட்டி, ராத்திரி முழுக்க அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிடுங்கள். பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளை வாயில் வைக்கிற புத்தகத்துக்கு அது கூடவே கூடாது. செல்லோடேப்பும் வேண்டாம். கொஞ்ச நாளில் மஞ்சளாகி, உரிக்கும்போது படத்தையும் சேர்த்துக்கொண்டு வந்துவிடும்.

(தொடரும்)