போனாரா, போயிருக்காரா?

சயாம் மரண ரயில் பற்றிய வானொலி நிகழ்ச்சிக்காக என் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்தேன். அவர் பேராக் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அதற்கு நான் எழுதிய முன்னுரையைப் படித்துக் காட்டினேன்: “பாட்டியின் தந்தை 1943-இல் சயாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கேயே இறந்தார்.”

பாட்டி கை காட்டி நிறுத்தினார். “செத்ததை யாரும்மா பாத்தா? அப்பா சயாமுக்குப் போயிருக்காருன்னு போடு.”

எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ‘போயிருக்காரு’!

‘போனார்’ என்றால் காரியம் முடிந்தது. ‘கடைக்குப் போயிருக்கார்’ என்றால் சோற்றை மூடி வைத்துக் காத்திருப்போம். கொள்ளுப்பாட்டி அப்படித்தான் காத்திருந்தாராம். கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. திதி கொடுக்கலாம் என்றால் எந்த நாளில் கொடுப்பது?

பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. அதில் வேலை செய்த போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர்; 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காஞ்சனபுரி கல்லறைகளில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் பொறித்திருக்கிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட 70,000-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் இறந்தவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

‘இறந்தகாலம்’ என்பதில் உள்ள ‘இறத்தல்’ சாவு அல்ல, கடந்துபோதல் என்று தமிழாசிரியர் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. வரலாறு என்பதை வரல், ஆறு என்று பிரித்து ‘வந்த வழி’ என்பார்கள். எங்கள் வீட்டுக்குத் தெரிந்ததோ போன வழி மட்டும்.

பாட்டி அதோடு விடவில்லை. “அழைத்துச் செல்லப்பட்டாருன்னா யாரு கூட்டிட்டுப் போனது? கிராணி பேரு எழுதிக் கொடுத்தாரு, ஜப்பான்காரன் லாரியில ஏத்தினான். மூணு மாச வேலைன்னு பொய் சொன்னாங்க. அதையும் சொல்லு.”

செய்தி எழுதி எழுதி ‘பட்டார்’, ‘பட்டது’ எனக்குப் பழகிவிட்டது. செய்தவரைத் தொலைக்க அதைவிட வசதியான விகுதி இல்லை. வாக்கியத்தை மாற்றினேன்.

‘இறந்தார்’ என்ற சொல்தான் சிக்கல். பாட்டியின் குரலில் ‘போயிருக்காரு’ அப்படியே இருக்கட்டும். ஆனால், அறிவிப்பாளராக நான் அதைச் சொன்னால் நேயர்கள் குழம்புவார்கள். இரவெல்லாம் யோசித்து, ‘இன்னும் வரவில்லை’ என்று எழுதினேன். ‘வரவில்லை’யில் காலம் காட்டும் இடைநிலையே கிடையாது, நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும்.

மறுநாள் படித்துக் காட்டினேன். பாட்டி சற்று நேரம் பேசவில்லை.

“ம்... எத்தனை மணிக்குப் போடுவீங்க?”