எஞ்சிய இழைகள்

சென்ற இதழில், செம்பாக் ஏரிக்கரையிலுள்ள நோட்வில் கிராமத்தில் கீடோ ட்ஸெக் என்ற வைத்தியர் 1990-ல் திறந்துவைத்த மருத்துவ நிலையத்தைக் கண்டோம். தண்டுவடம் சிதைந்தவர்களுக்கு அங்கே ஆயுளும் உத்தியோகமும் கௌரவமும் திரும்பக் கிடைக்கின்றன. அறுந்த தண்டுவடத்தையே சீராக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேட, அதே ஸ்விட்ஸர்லாந்தின் வேறு மூன்று நகரங்களுக்குப் போக வேண்டும்.

வளர்ந்த மனிதனின் தண்டுவடத்தில் அறுந்த நரம்பிழை மறுபடி தழைப்பதில்லை என்று ஸ்பெயின் தேசத்து மேதை ரமோன் இ காஹால் எழுதி வைத்ததை, வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் இறுதித் தீர்ப்பாகவே கொண்டிருந்தது. கை கால்களில் வெட்டுண்ட நரம்பு மெல்ல வளர்ந்து சேர்ந்துகொள்கிறதே, தண்டுவடத்துக்குள் மட்டும் அது ஏன் முடங்கிக் கிடக்கிறது என்பதை விடாமல் ஆராய்ந்த ஜூரிச் சர்வகலாசாலைப் பேராசிரியர் மார்ட்டின் ஷ்வாப், இழையைப் போர்த்தியிருக்கும் மையலின் என்ற கொழுப்புறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதம் இருக்கிறதென 1988-ல் நிரூபித்தார். அதை முடக்கும் ஆன்டிபாடியைச் செலுத்தியபோது எலிகளின் அறுந்த இழைகள் காயத்தைத் தாண்டி வளர்ந்தன என்று 1990-ல் அறிவித்தார். அப்புரதமே இன்று நோகோ-ஏ எனப்படுவது.

அதே வகை ஆன்டிபாடியை மருந்தாகக் கொண்டு ஃப்ரீபோர் நகரில் குரங்குகளிடம் நடந்த சோதனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கழுத்தருகே தண்டுவடத்தின் ஒரு பக்கம் துண்டிக்கப்பட்ட குரங்கு, பலகையில் செதுக்கிய ஒடுங்கிய குழிகளுக்குள் கிடக்கும் சிறு உணவு உருண்டைகளைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொறுக்கியெடுக்க வேண்டும். மருந்து பெற்ற குரங்குகள் பெறாதவற்றைவிட லாகவமாக எடுத்தன என்று 2006-ல் எழுதினார்கள். இது அற்ப விஷயமன்று. கழுத்தில் அடிபட்டு நான்கு அவயவங்களும் ஓய்ந்தவர்களிடம் விசாரித்தால், நடையைக் காட்டிலும் கையையே முதலில் கேட்கிறார்கள். தன் சோற்றைத் தானே பிசைந்து உண்ணும் சுதந்திரம் எத்தகையது என்பது அதை இழந்தவருக்கே தெரியும்.

பிறகு மனிதர்களின் முறை வந்தது. ஜூரிச் பால்கிரிஸ்ட் மருத்துவமனையின் ஆர்மின் கூர்ட் முன்னின்று நடத்திய ஆய்வில், நான்கு தேசங்களைச் சேர்ந்த 126 பேரில் ஒரு பகுதியினருக்கு, அடிபட்ட 4 வாரங்களுக்குள் தொடங்கி, இடுப்பருகே முதுகில் ஊசி செலுத்தி ஆறு முறை இம்மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தில்லா ஊசியும் போடப்பட்டன. 2024 டிசம்பரில் வெளியான முடிவு, எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நிச்சயமான பலன் இல்லை என்றும், அசைவு சிறிதேனும் மிஞ்சியிருந்தவர்களிடம் முன்னேற்றம் தெரிகிறது என்றும் சொல்லிற்று. முப்பத்தாறு ஆண்டு உழைப்புக்குப் பின் கிடைத்த இந்த அரைகுறை விடையைப் பூசி மெழுகாமல் உலகின் முன் வைத்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

லோசான் நகரிலே கிரெகுவார் கூர்தீனும், ரண சிகிச்சை நிபுணர் ழோஸ்லின் ப்ளோக் அம்மையாரும் வேறு மார்க்கத்தில் செல்கிறார்கள். காயத்துக்குக் கீழே காலை இயக்கும் நரம்பு வலை அழிவதில்லை, கட்டளை வராமல் சும்மா கிடக்கிறது என்பதே அவர்கள் பிரயத்தனத்தின் அஸ்திவாரம். மின்முனைகளைப் பதித்து, எந்தத் தசை எந்தக் கணத்தில் இயங்க வேண்டுமோ அந்தக் கணத்தில் மின்துடிப்பை அனுப்பி, பல்லாண்டு முடங்கியிருந்த மூவரை 2018-ல் தாங்குதலோடு நடக்க வைத்தார்கள். 2023-ல், டச்சுக்காரர் ஒருவரின் மூளையில் எழும் எண்ணத்தையே கருவி வழியாகத் தண்டுவடத்துக்கு அனுப்பினார்கள்; மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின், கருவியை நிறுத்திய நிலையிலும் ஊன்றுகோலோடு அவரால் நடக்க முடிந்தது. அவருக்கும் தண்டுவடம் முழுமையாக அறுபட்டிருக்கவில்லை.

மருந்தானாலும் மின்சாரமானாலும் எஞ்சியிருப்பதைக் கொண்டே வேலை செய்கிறது. ஆகவே எதிர்காலச் சிகிச்சையின் முதற்பகுதி விபத்து நடந்த இடத்திலேயே, நம் கையிலேயே இருக்கிறது. தென்னையிலிருந்து விழுந்தவரையும் மோட்டார் சைக்கிள் மோதிக் கிடப்பவரையும், தலையை ஒருவரும் காலை ஒருவருமாகப் பற்றித் தூக்கி ஆட்டோவுக்குள் மடித்துத் திணிக்கும் வழக்கத்தால், மிஞ்சியிருந்த இழைகளும் நசுங்கிப்போகின்றன. வாசகர்களே, 108-ஐ அழையுங்கள். தீயோ வாகனமோ நெருங்கினாலன்றி அவரை நகர்த்தாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையும் கழுத்தும் அசையாதபடி இரு கைகளாலும் தாங்கிக்கொண்டிருங்கள்.